வெளிப்பணியாளர் என்னும் சொல்லின் வரலாறு: தேசூர் வீட்டுத்தறியும் பணியிடச் சமத்துவச் சட்டங்களும்

ஆய்வுச் சுருக்கம்

திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி வட்டத்தில் அமைந்த தேசூர், ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு பேரூராட்சியாகும். இங்குப் பட்டு நெசவு வீட்டிற்குள்ளேயே நிகழ்கிறது. இந்தியப் பணியிடச் சமத்துவச் சட்டங்கள் பெரும்பாலும் ஆலையையும் அலுவலகத்தையும் மனத்தில் கொண்டு இயற்றப்பட்டவை. வீட்டுத்தறியில் உழைப்பவரை, குறிப்பாகப் பெண்களை, அச்சட்டங்கள் எவ்வாறு கண்டன, எங்கே காணத் தவறின என்பதை 1881 முதல் 2020 வரையிலான சட்ட வரலாற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் உரிமைக்குரியவராக இருந்த ‘வெளிப்பணியாளர்’, அண்மைச் சட்டத்தொகுப்புகளில் நலத்திட்டப் பயனாளியாக இடம்பெயர்ந்துள்ளார் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: தேசூர், ஆரணிப் பட்டு, வீட்டுத்தறி, கூலி நெசவு, சம ஊதியம், வெளிப்பணியாளர், குடும்ப விலக்கு

முன்னுரை

பணியிடப் பாகுபாடு குறித்த இந்திய ஆய்வுகள் பெரும்பாலும் சில புகழ்பெற்ற வழக்குகளிலிருந்து தொடங்குகின்றன. திருமணமான பெண்ணுக்கு அயலகப் பணியில் விதிக்கப்பட்ட தடைகளை உச்ச நீதிமன்றம் கண்டித்த சி. பி. முத்தம்மா வழக்கு (1979), முதல் கருவுறுதலோடு விமானப் பணிப்பெண்ணைப் பணியிலிருந்து விலக்கும் விதியைச் செல்லாதென அறிவித்த நர்கேஷ் மிர்சா வழக்கு (1981), பெண் சுருக்கெழுத்தாளர்களின் ஊதியம் பற்றிய ஆட்ரி டிகோஸ்டா வழக்கு (1987) ஆகியன அவற்றுள் தலையாயவை. இவ்வழக்குகளைத் தொடுத்த பெண்கள் மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. தம் முதலாளி யார் என்பதை அவர்கள் நிறுவ வேண்டியிருக்கவில்லை. பணி நியமன ஆணையும் ஊதியப் பட்டியலும் பணி விதிகளும் அவர்கள் கையில் இருந்தன. பாகுபாடு நிகழ்ந்ததா என்பது மட்டுமே நீதிமன்றத்தின் முன்னிருந்த வினா.

தேசூரில் தறிக்குழியின் அருகே அமர்ந்து தார் சுற்றும் பெண்ணுக்கு அவ்வினா இரண்டாவதாகவே எழும். ‘நீ யாருடைய தொழிலாளி?’ என்ற முதல் வினாவை அவள் கடந்தாக வேண்டும். சமத்துவ உரிமையின் வரலாற்றை இம்முதல் வினாவிலிருந்து எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டுத்தறியில் உழைப்புப் பகுப்பு

பட்டுச் சேலை ஒன்று தறியில் ஏறுவதற்கு முன்பே பல கைகளைக் கடந்துவிடுகிறது. நூலை இழைத்தல், சாயமேற்றுதல், பாவு ஓட்டுதல், பழைய பாவின் முனைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்தல், ஊடை நூலைத் தாரில் சுற்றுதல் ஆகியவை நெசவுக்கு முற்பட்ட வேலைகள். நெய்யும்போது கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலையாயின், மற்றொரு நாடாவை எறிய உதவியாள் ஒருவரும் வேண்டும். காஞ்சிபுரத்துக் கோர்வை நெசவில் இவ்வுதவியாளர் நெடுங்காலம் சிறுவராகவோ சிறுமியராகவோ இருந்துவந்தனர்.

கூலி நெசவு முறையில் பட்டு முதலாளி, பாவையும் ஊடையையும் சரிகையையும் நெசவாளரிடம் கொடுக்கிறார். வடிவமைப்பும் அவருடையதே. நெய்து முடித்த சேலையை எடைபோட்டு, பழுது பார்த்து, சேலைக்கு இவ்வளவு எனக் கூலி தருகிறார். பழுதிருந்தால் கூலி குறையும். முன்பணம் பெற்றிருந்தால் அதற்கும் பிடித்தம் உண்டு. கூலி குடும்பத் தலைவரின் பெயரில் வழங்கப்படுகிறது. பாவு பிணைத்தவருக்கும் தார் சுற்றியவருக்கும் அக்கூலியில் தனிப் பங்கு எழுதப்படுவதில்லை.

சட்டத்தின் பார்வையில் இதன் விளைவு பெரிது. ஊதியப் பாகுபாட்டை நிறுவ இரண்டு ஊதியங்கள் வேண்டும். இங்கே இருப்பது ஒரே கூலி. பெண்ணின் உழைப்பு குறைந்த ஊதியம் பெற்ற உழைப்பாகக்கூடத் தோன்றுவதில்லை. அது ஆணின் கூலிக்குள் கரைந்துவிடுகிறது.

கணக்கெடுப்புகள் இவ்வுழைப்பைச் சட்டத்தைவிடச் சற்றுத் தெளிவாகக் கண்டன. 2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர் இருப்பதாகப் பதிவுசெய்தது. அவர்களுள் ஏறத்தாழ 26.7 லட்சம் பேர் நெசவாளர், ஏறத்தாழ 8.5 லட்சம் பேர் துணைத் தொழிலாளர். மொத்தத்தில் 72 விழுக்காட்டினர் பெண்கள். வீட்டுப் பயன்பாட்டிற்காகப் பெண்களே நெய்யும் வடகிழக்கு மாநிலங்களின் பங்கு இதில் மிகுதி என்பதால், இவ்விழுக்காட்டை ஆரணி வட்டாரத்திற்கு அப்படியே பொருத்துதல் தவறாகும். எனினும் ‘துணைத் தொழிலாளர்’ என்ற தனி வகை கணக்கில் இடம்பெற்றது கருதத்தக்கது. எண்ணப்பட்ட அவ்வுழைப்புக்கு ஈடான உரிமை எதுவும் சட்டத்தில் எழுதப்படவில்லை.

ஆலைச் சுவரோடு நின்ற சட்டம்

இந்தியத் தொழிலாளர் சட்டத்தின் பிறப்பிடம் ஆலை. 1881ஆம் ஆண்டின் முதல் ஆலைச் சட்டம், எந்திர விசையால் இயங்கி நூறு பேரோ அதற்கு மேலோ பணிபுரிந்த இடங்களையே கருத்தில் கொண்டது. 1891ஆம் ஆண்டின் திருத்தம் அவ்வெண்ணை ஐம்பதாகக் குறைத்ததோடு பெண்களின் பணி நேரத்திற்கும் வரம்பு விதித்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், விசை பயன்படும் இடத்தில் பத்துப் பேர், பயன்படாத இடத்தில் இருபது பேர் என்ற அளவை வகுத்தது. கைத்தறிக்கு விசையில்லை. ஆகவே இருபது பேர் வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் இரண்டு தறிகளும் ஐந்து பேரும் இருக்கும் ஊரில் இவ்வெண் எட்டாத உயரம்.

எண் வரம்பு இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் தலைப்பு, வேலைவாய்ப்பில் இனம், நிறம், சமயம், பால், தேசியப் பின்னணி ஆகியவற்றின் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்தது. அதுவும் 1972ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் பதினைந்து ஊழியருக்குக் குறைந்த நிறுவனங்களைத் தொடுவதில்லை. பாகுபாட்டை ஒரு நிறுவனத்தின் குற்றமாகக் கருதும்போது, நிறுவனம் என்று சொல்லத்தக்க அளவு இல்லாத இடங்கள் விடுபடுகின்றன.

ஆலைக்கு வெளியே அரசின் கண் திரும்பியதற்கு அரச தொழிலாளர் ஆணையம் (1929–1931) முக்கியக் காரணம். விட்லி ஆணையம் எனவும் வழங்கப்பட்ட இது, கம்பளத் தொழிலிலும் பீடித் தொழிலிலும் சிறுவர் உழைப்பு அடகு வைக்கப்படுவதைக் கண்டது. அதன் தொடர்ச்சியாக வந்ததே சிறுவர் உழைப்பு அடகுச் சட்டம் (1933). பெற்றோர் பெறும் முன்பணத்திற்கு ஈடாகப் பிள்ளையின் உழைப்பை எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று அது அறிவித்தது. முன்பணத்தால் இயங்கும் எல்லாத் தொழில்களுக்கும் பொருந்தக்கூடிய சட்டம் இது. எனினும் சுதந்திரத்திற்குப் பின்னரும் பட்டுத் தொழிலில் முன்பணத்திற்குக் கட்டுண்ட சிறுவர் உழைப்பு தொடர்ந்தது. 2003ஆம் ஆண்டில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கை, பிற மாநிலங்களோடு காஞ்சிபுரத்தையும் இதன் பொருட்டுச் சுட்டியது.

கைத்தறித் தொழிலின் அமைப்பை விரிவாக ஆராய்ந்தது 1942ஆம் ஆண்டின் கைத்தறி, ஆலைகள் குறித்த உண்மையறியும் குழு. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் அதன் தலைவர். சுயேச்சையாக நெய்தவர்கள் படிப்படியாக முதலாளிக்குக் கூலிக்கு நெய்பவர்களாக மாறிவருவதை அக்குழு பதிவுசெய்தது. சட்ட வரலாற்று நோக்கில் இது அடிப்படையான செய்தி. தறி நெசவாளரின் வீட்டில் இருப்பதாலேயே அவர் சுயதொழிலர் ஆகிவிடுவதில்லை. அவர் நெய்வது பிறருடைய நூல், பிறருடைய வணிகத்திற்காக.

1948: வெளிப்பணியாளரின் வருகை

இவ்வுண்மையைச் சட்டமொழியில் எழுதியது 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். அதன் இரண்டாம் பிரிவு, ‘ஊழியர்’ என்பதற்குள் ‘வெளிப்பணியாளரையும்’ அடக்கியது. ஒருவர் தம் வணிகத்திற்காக விற்கவேண்டிய பொருளைச் செய்யவோ பதப்படுத்தவோ மூலப்பொருளை மற்றொருவரிடம் ஒப்படைத்து, வேலை அம்மற்றவரின் வீட்டிலோ கொடுத்தவரின் கட்டுப்பாட்டில் இல்லாத வேறிடத்திலோ நடந்தால், அவ்வாறு வேலை செய்பவர் வெளிப்பணியாளர். அட்டவணையில் சேர்க்கப்பட்ட தொழில்களுக்கே சட்டம் பொருந்தும் என்ற வரம்பு இருந்தது. ஆயினும் கூலி நெசவின் இலக்கணத்தை இதைவிடத் துல்லியமாக வரையறுத்தல் அரிது. பாவும் சரிகையும் பெற்று வீட்டில் நெய்து கூலி வாங்குபவரை, ஆலைச் சுவருக்கு வெளியே நின்றபோதும், இச்சட்டம் ஊழியர் என்று அழைத்தது.

பீடித் தொழில் காட்டிய வழி

வெளிப்பணியாளரின் தகுதி நீதிமன்றங்களில் உறுதிப்பட்டது நெசவின் வழியாக அன்று, பீடியின் வழியாக. 1958ஆம் ஆண்டின் சிந்தாமன் ராவ் வழக்கில், பீடி சுற்றித்தரும் சட்டேதார்கள் சுயேச்சையான ஒப்பந்தக்காரர்களே, தொழிலாளர் அல்லர் என உச்ச நீதிமன்றம் கூறியது. ஆறாண்டுகளுக்குப் பின், சேலம் ஐக்கிய பீடித் தொழிலாளர் சங்கம் எதிர்வாதியாக இருந்த திவான் மொகிதீன் சாகிப் வழக்கில் (1964) தீர்ப்பு வேறாக அமைந்தது. புகையிலையும் இலையும் உரிமையாளருடையவை. இடையிலிருந்த ஒப்பந்தக்காரர் உண்மையில் அவருடைய முகவரே. ஆகவே பீடி சுற்றியவர்கள் உரிமையாளரின் தொழிலாளர்களே என நீதிமன்றம் முடிவுசெய்தது.

1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளராக ஏற்றது. மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் (1974) அச்சட்டம் நிலைநிறுத்தப்பட்டது. முன்னதாக 1973இல் சில்வர் ஜூபிலி தையலக வழக்கு, துண்டுக் கூலிக்குத் தைப்பவர்களையும் ஊழியர் என ஏற்றது. 1985ஆம் ஆண்டின் பி. எம். பட்டேல் வழக்கு, வீட்டிலிருந்து பீடி சுற்றுவோருக்கு வருங்கால வைப்புநிதி உரிமை உண்டென்றது. தரமற்றதைத் தள்ளும் உரிமை முதலாளியிடம் இருப்பதே போதுமான மேற்பார்வை என்ற கருத்து இவ்விரு தீர்ப்புகளிலும் வலுப்பெற்றது.

இத்தருக்கத்தை நெசவுக்குப் பொருத்திப் பார்த்தல் தகும். பழுது பார்த்துக் கூலியைக் குறைக்கும் பட்டு முதலாளியின் உரிமை, பீடியைக் கழிக்கும் முதலாளியின் உரிமையோடு தன்மையில் ஒத்தது. வடிவத்தையும் நிறத்தையும் எடையையும் முன்கூட்டியே வரையறுத்தலால் நெசவில் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். 1981ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு கைத்தறித் தொழிலாளர் பணி நிலைமைகளுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியதும் இத்திசையில் வைத்து நோக்கத்தக்கது. கைத்தறியில் பணிபுரிபவர் ‘தொழிலாளர்’ என்பதை அச்சட்டத்தின் பெயரே ஏற்றுக்கொள்கிறது.

சம ஊதியம்: ஒத்த வேலையும் சம மதிப்பும்

ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசமைப்பின் 39(ஈ) உறுப்பில் வழிகாட்டு நெறியாக இடம்பெற்றது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1951ஆம் ஆண்டு நூறாவது உடன்படிக்கையை இந்தியா 1958இல் ஏற்றது. வேலைவாய்ப்பில் பாகுபாடு பற்றிய 111ஆவது உடன்படிக்கையை 1960இல் ஏற்றது. பன்னாட்டுப் பெண்கள் ஆண்டான 1975இல் அவசரச் சட்டமாகப் பிறந்து, 1976இல் சம ஊதியச் சட்டம் நிலைபெற்றது.

உடன்படிக்கைக்கும் சட்டத்திற்கும் இடையே ஒரு சொல் வேறுபாடு உண்டு. நூறாவது உடன்படிக்கை ‘சம மதிப்புள்ள வேலை’ என்கிறது. 1976ஆம் ஆண்டுச் சட்டமோ ‘அதே வேலை அல்லது ஒத்த தன்மையுடைய வேலை’ என்றது. ஆட்ரி டிகோஸ்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘ஒத்த தன்மை’ என்பதை விரிந்த பொருளில் கொண்டது. ஏட்டில் உள்ள கடமைகளைவிட நடைமுறையில் செய்யப்படும் கடமைகளையே ஒப்பிட வேண்டும் என்றது. முதலாளியின் பொருளாதார இயலாமை விலக்காகாது எனவும் தெளிவுபடுத்தியது. ஆயினும் ஒப்பிட ஓர் ஆண் வேண்டும் என்ற நிலை மாறவில்லை.

தறி வீட்டில் இச்சொல் வேறுபாடு கடுமையான விளைவைத் தருகிறது. தார் சுற்றுதலை ஆண்கள் பெரும்பாலும் செய்வதில்லை. எனவே ஒப்பிட ஆணில்லை, ஒத்த வேலையுமில்லை. ‘சம மதிப்பு’ அளவுகோலாக இருந்திருப்பின், பாவு பிணைக்கும் நுண்மையும் பொறுமையும் நெசவின் திறனோடு எடைபோடப்பட்டிருக்கும். ஒரு வேலை பெண்களுக்கு மட்டுமே உரியதாகிவிடும்போது, பாகுபாடு அவ்வேலையின் விலையிலேயே உறைந்துவிடுகிறது.

இடைத்தரகரின் பங்கையும் இங்குக் கருத வேண்டும். தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் (1982), நாளொன்றுக்கு ரூ.9.25 என்ற குறைந்தபட்சக் கூலியிலிருந்து ஜமாதார்கள் ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டதும், பெண்களுக்கு ரூ.7 மட்டுமே கிடைத்ததும் நீதிமன்றத்தின் முன் வந்தன. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ் வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என அத்தீர்ப்பு நிறுவியது. அங்கே பெண்ணின் கூலி குறைந்திருந்தது; குறைந்த தொகையை எண்ணிக் காட்ட முடிந்தது. வீட்டுத்தறியில் அவ்வாறு எண்ணிக்காட்ட ஏதுமில்லை.

குடும்ப விலக்கு

சட்டம் வீட்டு வாயிலில் தயங்குவதற்குக் காரணம் குடும்பம் பற்றிய ஒரு கருத்து. குடும்பத்தார் சேர்ந்து செய்வது வேலையன்று, உதவி என்பதே அது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 85ஆம் பிரிவு, சிறிய இடங்களையும் ஆலையாக அறிவிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. ஆனால் உரிமையாளர் தம் குடும்பத்தாரை மட்டும் கொண்டு தொழில் நடத்தும் இடத்திற்கு அவ்வதிகாரம் செல்லவில்லை. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைத் தடைசெய்யப்பட்ட பணிகளுள் வைத்தும், குடும்பத் துணையோடு நடக்கும் பணிமனைக்கு விலக்களித்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் பள்ளி நேரத்திற்குப் பின் குடும்பத் தொழிலுக்கு உதவுவதை அனுமதித்தது.

இவ்விலக்கை நியாயமான எல்லைக்குள் நிறுத்தும் முறை இந்தியச் சட்டத்திலேயே உள்ளது. பீடித் தொழிலாளர் சட்டத்தின் 43ஆம் பிரிவு, தம் வீட்டில் தம் குடும்பத்தாருடன் தொழில் செய்பவருக்கு விலக்களித்தது. ஆனால் அவர் இச்சட்டத்திற்கு உட்பட்ட ஒரு முதலாளியின் ஊழியராக இருத்தல் கூடாது என்ற நிபந்தனையும் விதித்தது. அதாவது குடும்பம் உண்மையாகவே தனக்காக உழைத்தால் மட்டுமே விலக்கு உண்டு. பிறருடைய மூலப்பொருளில் பிறருடைய வணிகத்திற்காகக் குடும்பம் உழைத்தால், ‘குடும்பம்’ என்ற சொல் முதலாளிக்குக் கேடயமாகாது. கூலி நெசவுக் குடும்பங்களுக்கு வேண்டியது இவ்வேறுபாடே.

உரிமையிலிருந்து நலத்திற்கு

1996இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவேலை பற்றிய 177ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. வீட்டிலிருந்து உழைப்போருக்கும் பிற ஊதியத் தொழிலாளருக்கும் இடையே ஊதியத்திலும் பாகுபாட்டிலிருந்து பெறும் பாதுகாப்பிலும் சம நடத்துமுறையை அது வலியுறுத்துகிறது. இந்தியா அதனை ஏற்கவில்லை. 2008ஆம் ஆண்டின் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ‘வீடுசார் தொழிலாளர்’ என்ற வரையறையைத் தந்தது. கருவியும் மூலப்பொருளும் முதலாளி தந்தவையா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாத விரிந்த வரையறை அது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அதனைத் தொடர்கிறது.

இதற்கிடையே, குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தையும் சம ஊதியச் சட்டத்தையும் ஒன்றிணைத்து 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு இயற்றப்பட்டது. அதன் ‘ஊழியர்’ வரையறையில் 1948ஆம் ஆண்டின் ‘வெளிப்பணியாளர்’ இடம்பெறவில்லை. பாலின அடிப்படையில் ஊதியப் பாகுபாடு கூடாது என்ற விதி அத்தொகுப்பின் மூன்றாம் பிரிவில் உள்ளது. ஆனால் அவ்விதி ‘நிறுவனத்தின் ஊழியருக்கு’ உரியது.

இவ்விரு தொகுப்புகளையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது ஓர் இடப்பெயர்வு புலனாகிறது. வீட்டிலிருந்து உழைப்பவர் ஊதியச் சட்டத்தில் பெயரிழந்து, நலச் சட்டத்தில் பெயர் பெற்றிருக்கிறார். நலவாரிய அட்டை, உதவித்தொகை, ஓய்வூதியம் ஆகியவை தேவையானவையே. மகப்பேறு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கு ஊதியத்துடன் விடுப்பளிப்பது முதலாளியின் கடமையாக இருந்தது. நெசவாளிப் பெண்ணுக்குக் கிடைப்பது மாநில அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. அரசு உதவுகிறது, அவ்வுழைப்பால் பயனடைந்த முதலாளிக்கு எப்பொறுப்பும் இல்லை. நலத்திட்டம் பொறுப்பை முதலாளியிடமிருந்து கருவூலத்திற்கு மாற்றுகிறது.

வீட்டினுள் நுழைந்த சட்டம்

வீடு சட்டத்திற்கு எட்டாத இடம் என்ற வாதத்தை 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் மறுக்கிறது. அதன் வரையறையில் குடியிருப்பு வீடும் பணியிடமே. பத்துக்குக் குறைந்த தொழிலாளர் உள்ள அமைப்புசாராத் தொழிலும் அதனுள் அடங்கும். ஊழியர் என்பவர் ஊதியம் பெற்றும் பெறாமலும் பணிபுரிபவர் என அது கூறுகிறது. உள்குழு இல்லாத இடங்களில் மாவட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம். இச்சட்டத்தின் வேர் 1997ஆம் ஆண்டின் விசாகா தீர்ப்பு. அத்தீர்ப்புக்குக் காரணமாக இருந்தவர் ராஜஸ்தான் கிராமம் ஒன்றில் பணிபுரிந்த பன்வாரி தேவி. ஆலைக்கு வெளியே உழைத்த ஒரு பெண்ணின் துயரிலிருந்து பிறந்த சட்டம், ஆலைக்கு வெளியேயும் செல்லும்படி எழுதப்பட்டது. ஊதியமில்லா உழைப்பையும் ஒரு சட்டம் உழைப்பெனக் காண இயலும் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றுள்ளது. அக்குறியீடு சேலையின் பிறப்பிடத்திற்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கிறது. அச்சேலையைப் பிறப்பித்த கைகளுக்குச் சமத்துவச் சட்டத்தில் அத்தகைய பெயர் இன்னும் எழுதப்படவில்லை.

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளைத் தொகுக்கலாம். முதலாவது, கூலி நெசவாளரை ஊழியராகக் காணும் தருக்கம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பீடி வழக்குகளிலும் அது முழுமையாக உள்ளது. இரண்டாவது, குடும்ப விலக்கை நீக்காமலேயே, பீடிச் சட்டத்தின் நிபந்தனையை நெசவுக்கும் விரித்து அதன் தவறான பயனைத் தடுக்க இயலும். மூன்றாவது, ‘ஒத்த வேலை’ என்ற அளவுகோலின் இடத்தில் ‘சம மதிப்புள்ள வேலை’ வரும்வரை, பெண்கள் மட்டுமே செய்யும் துணைப்பணிகள் சம ஊதிய விதியின் வெளியிலேயே நிற்கும்.

இவற்றுக்கு முன்னோடியாகச் செய்யத்தக்க எளிய செயல் ஒன்றுண்டு. சேலைக் கூலியைக் குறிக்கும் சீட்டில், பாவு பிணைத்தல், தார் சுற்றுதல், நெய்தல் ஆகியவற்றுக்குரிய கூலியைத் தனித்தனியே, செய்தவர் பெயரோடு எழுதுதல். அச்சீட்டு ஒரு வழக்கில் சான்றாகும் முன்பே, தறிக்குழியின் அருகே அமர்ந்திருப்பவள் உதவியாள் அல்லள், தொழிலாளி என்பதை அவ்வீட்டிற்கே சொல்லும்.